கவிழ்த்து வைத்த கூடை

படகுத்துறை மரமேடையில் கடந்த செவ்வாய்க்கிழமை நடந்த விபத்து தொடர்பாக, ஐஸ் உடைக்கும் தொழில் செய்யும் பெண் ஒருவர் யாரும் அழைக்காமல் காவல் நிலையத்துக்கு வந்து, வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணி முதல் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் இத்துடன் இணைத்திருக்கும் அடையாள அட்டையில் உள்ளபடி. அந்தப் பெயரைச் சொல்லித் துறையில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது, ஐஸ்காரி என்று கேட்டால் கை காட்டுவார்கள். வயது நாற்பத்தாறு. ஐஸ் ஆலைக்குப் பின்னால் வலைக்கிடங்குச் சந்தில், மாடி வீட்டில், என் கணவருடன் வசித்து வருகிறேன். கணவர் படகு இயந்திரம் பழுது பார்ப்பவர், காலை வேளையில் என் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கும் கைகொடுப்பார். ஒரே மகள், கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி அல்ல, நன்றாகவே வாசிப்பேன், ஆகவே எழுத்தர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா இரண்டு தடவை உட்காரச் சொன்னார். செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, நாற்காலியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, அதனால் நின்றுகொண்டே சொல்கிறேன்.

இந்த வழக்கில் காவலில் இருக்கும் கட்டுமான மேற்பார்வையாளர் என் உடன்பிறந்த தம்பி. எனக்கு எட்டு வயது இளையவன். மரமேடைத் தடுப்பைத் திறந்து போட்டது அவன் அல்ல, நான். அவனை வெளியே விட வேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். ஐயா, அப்படி ஒரே வரியில் எழுத முடியாது, ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் என்கிறார். சரி, சொல்கிறேன்.

எங்கள் துறையின் மரமேடை நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே பழசு. கடைசியாக வந்த இரண்டு புயலிலும் அலை மேடைக்கு மேல் ஏறி என் மெஷின் மோட்டாரை முழுக்காட்டிவிட்டுப் போனது, தூண்கள் விழப்போகிற பல் மாதிரி ஆடின. அதன் பிறகு மேலிடத்தில் துறையையே இடித்துக் கட்டுவது என்று முடிவானது. ஒரேயடியாக இடித்தால் எங்கள் பிழைப்பு என்னாகும் என்று படகுக்காரர் சங்கம் கேட்டதால், பாதி பாதியாகக் கட்டுவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஏலத்தளம் இருக்கும் வடக்குப் பாதியை முதலில் கான்கிரீட்டில், முன்பைவிட நாலடி உயர்த்தி, பெரிய அலை வந்தால் தண்ணீர் அடியில் புகுந்து வெளியேறும்படி கட்டினார்கள். அதன் கடலோரமாகப் பொதுமக்கள் நடக்கக் கைப்பிடிச் சுவர் வைத்து ஒரு நடைபாதை. ஐஸ் ஆலைப் பக்கம் இருக்கும் தெற்குப் பாதி மரமேடையை, இடிக்கும் முறை வரும்வரை இரண்டு முனையிலும் தகரத் தடுப்பு அடித்து மூடிவிட்டார்கள். இந்த வேலை முழுவதற்கும் கான்ட்ராக்டர் சார்பில் மேற்பார்வை என் தம்பி.

அவனுக்கும் எனக்கும் நடைபாதை விஷயத்தில் முதலிலிருந்தே வாய்ச்சண்டை. வரைபடத்தை என் வீட்டுத் தரையில் விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலைக்கும் என் டம்ளர்களை வைத்து, இங்கே விளக்குக் கம்பம், இங்கே சக்கர நாற்காலி ஏறும் சரிவு, இங்கே பத்து பெஞ்ச் என்று விரலால் காட்டிக்கொண்டே போனான். மீன் இறக்குகிற இடத்தில் ஊர் ஜனத்துக்கு என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கிறது, காலுக்குள் கால் விட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று நான் சொன்னேன். கடல் என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டான். என் அப்பன்தானடா உனக்கும் அப்பன் என்றேன். என் கணவர் சிரித்தார், அவனும் சிரித்துவிட்டான், ஆனால் ஒரு பெஞ்சைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு தடுப்பு அடித்தார்கள். அதோடு எனக்குத் தலைவலி ஆரம்பமானது. ஐஸ் ஆலையிலிருந்து மரமேடை வழியாக ஏலத்தளத்துக்கு வண்டி தள்ள அறுபது எட்டு வைத்தால் போதும். ரோட்டைச் சுற்றிப் போனால், கேட்டைத் தாண்டி, சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கால் மணி நேரம். பன்னிரண்டு கூடை உடைத்த ஐஸ் ஏற்றினால் பத்துக் கூடைதான் போய்ச் சேரும், மீதி ரோட்டுக்குத் தண்ணீர் தெளித்த கணக்கு. படகு வந்து மீன் வெளியே கிடக்கும்போது ஐஸ்காரி இன்னும் வழியில் இருக்கிறாளா என்று என்னைத்தான் ஏசுவார்கள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள், ஐஸ் ஆலை முனையில் ஒரு தகரம், மறுமுனையில் ஒரு தகரம், இரண்டிலும் நட்டைக் கழற்றிக் கதவு மாதிரி ஒதுக்கிவிட்டு வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போனேன். காலை நடை முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான். முதல் வாரம் நான் மட்டும் போனேன். அடுத்த வாரம் சுமை தூக்குகிறவர்கள், வலை தைக்கிறவர்கள், மீன் வாங்க வரும் பெண்கள், ஏலம் போடுகிறவர், எல்லோரும் என் வண்டிக்குப் பின்னாலேயே வந்தார்கள். குறுக்குவழி கிடைத்தால் யார் விடுவார்கள்.

இங்கே துறைப் பழக்கம் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும், ஐயாவுக்கு அது தெரியவில்லை. மேடையில் ஒரு பலகை இற்றுப்போனால், அதை முதலில் பார்க்கிற ஆள் கையில் கிடைக்கும் ஐஸ் கூடையை அதன் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். பலகை மாற்றும்வரை அந்தக் கூடையை ஒருவரும் நகர்த்த மாட்டார்கள், கூடை கிடைக்காமல் அலைகிறவன்கூட அதைத் தொட மாட்டான். குடித்துவிட்டு வருகிறவன் சொந்த வீட்டு வாசலை மறந்தாலும் கவிழ்ந்த கூடையைச் சுற்றித்தான் போவான். எனக்குத் தெரிந்து இத்தனை வருஷத்தில் எங்கள் ஆட்களில் ஒருவரும் பலகை உடைந்து விழுந்தது கிடையாது. அந்தத் திமிர் எங்கள் எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. மேடையை மூடிய பிறகு பலகை மாற்றுவாரில்லை, ஆகவே கூடைகள் கூடிக்கொண்டே போயின. விபத்து நடந்த அன்று மேடையில் ஏழு கூடை கவிழ்ந்திருந்தது. அதில் மூன்று நான் வைத்தது. அவற்றுக்கு நடுவே வண்டியை வளைத்து வளைத்துத் தள்ளுவேன்.

விபத்தில் அடிபட்டவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நடைபாதை திறந்த முதல் நாளே வந்தவர், அதன் பிறகு ஒரு நாளும் தவறியதில்லை. எதிரே வண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று ரைட், போகலாம் என்று கை காட்டுவார், அதனால் ரைட் ஐயா என்று துறையில் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு முட்டி வலி. தம்பி காட்டிய பத்து பெஞ்சும் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு நாள் நடை முடிந்து என் மெஷின் பக்கம் வந்து, உட்கார ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். முட்டி வலிக்கிற ஆளுக்கு வீட்டில் என்ன குறைச்சல் என்று நான் வெடுக்கென்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பத்து நாலு வருஷம் நின்றே சம்பாதித்த கால், வீட்டில் உட்கார்ந்தால் அதற்கு நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கூடையை எடுத்து, ஆலை வாசல் சிமெண்ட் தரையில் கவிழ்த்து, துணியால் துடைத்து, உட்காருங்கள் என்றேன். கரையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவோம்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணி வாக்கில் வருவார், அவரே ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்துக்கொள்வார், நான் ஐஸ் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தடத்தில் எந்த டிரைவர் எப்படி ஓட்டுவான் என்று கதை சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கவிழ்ந்த கூடை என்றால் உட்காருகிற இடம் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். மரமேடையில் கவிழ்ந்திருந்தால் அதற்கு அர்த்தம் வேறு என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் யாரும் அதை வாயால் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்பதே எனக்குத் தெரியாது. இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு இரண்டு தகரத்தையும் திறந்து முதல் நடை ஐஸ் கொண்டுபோனேன். அதன் பிறகு இரண்டாம் நடை. படகுகள் அன்று சேர்ந்தாற்போல் வந்துவிட்டதால் கூடைகள் எல்லாம் ஏலத்தளத்தில் தங்கிவிட்டன, ஆலை வாசலில் வெறும் கூடை ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நடைக்காகத் திரும்பி வரும்போது மெஷின் பெல்ட் கழன்று, ஐஸ் கட்டி ஒன்று அதன் வாயில் சிக்கிக்கொண்டது. என் கணவர் கத்தினார். நான் தகரத்தைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். அவர் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார், நான் தலையை உள்ளே விட்டு ஐஸைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தேன். அப்போது ரைட் ஐயாவின் குரல் கேட்டது.

"இங்க கூடையெல்லாம் காலி போல. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்மா."

"உக்காருங்க, உக்காருங்க" என்றேன். தலையை வெளியே எடுக்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

பெல்ட்டை மாட்டி முடிக்கவில்லை, மரம் முறிகிற சத்தம் கேட்டது. நான் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினேன். தடுப்புக்கு உள்ளே பத்தாவது எட்டில் இரண்டு பலகை இல்லை, அவரும் இல்லை, கூடையும் இல்லை. தண்ணீர் வற்றியிருந்த நேரம். கீழே குறுக்குச் சட்டத்தில் மோதிக் கல்லில் கிடந்தார். அது நான் வைத்த கூடை. ஏலம் போடுகிறவரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி அவரைத் தூக்கினார்கள், படுக்க வைக்க வேறு எதுவும் இல்லாததால் என் தள்ளுவண்டியில் மீந்திருந்த ஐஸின் மேல் சாக்கை விரித்துப் படுக்க வைத்து ரோடுவரை தள்ளிக்கொண்டு போனோம். அவருக்கு அப்போது நினைவு இருந்தது. செருப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டது, புதுச் செருப்பு என்று என்னிடம் சொன்னார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நினைவு தப்பியது. இன்று காலைவரை திரும்பவில்லை.

அதன் பிறகு என் தம்பி ஓடி வந்தான். திறந்திருந்த தகரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போலீஸ் வந்து தடுப்பு எப்படித் திறந்தது என்று விசாரித்தபோது, காலையில் சோதனைக்காக நான்தான் கழற்றினேன், மாட்ட மறந்துவிட்டேன் என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். வாயாடி என்று பேரெடுத்த எனக்கு அன்று வாய் வரவில்லை. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்று மதியமே சங்கத் தலைவர் எல்லோரையும் சங்க அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது பேர் இருப்போம். யார் கேட்டாலும் ஒரே சொல்லாக எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல வேண்டும், கான்ட்ராக்டர் பாடு போலீஸ் பாடு என்றார். இந்தச் சாக்கில் நடைபாதையை மூடச் சொல்லி மனு கொடுத்தால் துறை மறுபடி நம் கைக்கு வந்துவிடும் என்றார். என் பக்கம் திரும்பி, உன் தம்பிக்கு நல்ல வக்கீலாகச் சங்கமே பார்க்கும், நீ கலங்காதே என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். மனுவில் கையெழுத்தும் போட்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று மற்றவர்களை நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

அதன் பிறகு இரண்டு நாள் நான் என் வசத்தில் இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினைக் கழற்றி மாட்டினேன். படிக்கட்டை ஒரே நாளில் மூன்று தடவை கழுவினேன். சோற்றை நின்றுகொண்டே தின்றேன். குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றாமல் ஒரு இடத்தில் உட்கார் என்று என் கணவர் சொன்னார். உட்கார் என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த தட்டை வீசிவிட்டேன். அவர் பொறுக்கி எடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி வந்தாள். அவன் மேல் வழக்கு நின்றுவிட்டால் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றும், போகாவிட்டாலும் இனி யாரும் அவனை மேற்பார்வைக்கு வைக்க மாட்டார்கள் என்றும் வக்கீல் சொன்னதாகச் சொன்னாள். அழவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் வால்வை மூன்று தடவை பார்க்கிற மனுஷன் அவன். "அவர் மறக்கிற ஆளா அண்ணி? நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், அவள் எழுந்து போகும்வரை சமையலறையிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

நேற்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரைட் ஐயாவின் மனைவி வராந்தா பெஞ்சில் இருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, துறையிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்பது மாதிரிக் கேட்டார்.

"அவ்வளவு பேர் பொழங்குற எடமாச்சே. அந்தப் பலகை இத்துப்போனது ஒருத்தருக்கும் தெரியாதாம்மா?"

தெரியாது என்று சொன்னேன். சங்கத்தில் ஒப்புக்கொண்டபடியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, ஏன் நிற்கிறாய், உட்கார் என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கவும் பொறுக்காமல் வீடுவரை நடந்தே வந்தேன். வரும் வழியிலேயே இன்று இங்கே வருவது என்று முடிவு செய்தேன். என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன்.

நடைபாதையை மூடச் சொல்லும் மனுவில் இருக்கும் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஊர் ஜனத்தை வரச் சொன்னதால் ரைட் ஐயா விழவில்லை. வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாங்கள் எங்கள் போக்கிலேயே இருந்ததால் விழுந்தார். இதைத் தம்பியிடம் சொன்னால் இவ்வளவு நாள் கழித்து இப்போதுதான் புரிந்ததா என்று கேட்பான். கேட்கட்டும்.

ஐயா கேட்டதன் பேரில் சொல்வது: நான் தினமும் தடுப்பைத் திறப்பது என் தம்பிக்குத் தெரியாது.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். கடைசி வரியை வாசித்தபோது நான் நிறுத்தச் சொன்னேன். நேற்று ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவிடம் சொன்ன அதே சொல் என் காதுக்கே கேட்டது. கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்துவிட்டு வர அனுமதி கேட்டேன், ஐயா அனுமதித்தார். நடந்துவிட்டு வந்து, அந்த வரியை அடிக்கச் சொல்லி, கீழே உள்ளபடி எழுதச் சொன்னேன்.

என் தம்பிக்குத் தெரியும். தினமும் ஆறரை மணிக்கு அவன் சோதனைக்கு வருவான். நான் நட்டைக் கழற்றும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பான். ஒரே ஒரு நாள் கிட்ட வந்து, "நான் எதையும் பாக்கலக்கா. சீக்கிரம் போ" என்றான். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பான், அக்கா என்பதால் விட்டான். அவனை வெளியே எடுக்க வந்தவள் நான். இதைச் சொன்னால் அவனும் என்னோடு சேர்ந்து நிற்க வேண்டிவரும் என்று தெரிந்தே சொல்கிறேன். அவன் என்னிடம் பேசாமல் போனாலும் போகட்டும். சங்கத் தலைவருக்கும் தெரியும், அவரும் அந்த வழியாகத்தான் போவார். என் கணவருக்குத் தெரியும். ஏலம் போடுகிறவருக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் தெரியும். எந்தப் பலகை இற்றுப்போயிருக்கிறது என்று துறையில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாமல் வந்தவர் ரைட் ஐயா ஒருவர்தான்.

இதில் எழுதியிருப்பதெல்லாம் நடந்தது நடந்தபடி நான் சொன்னவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை. மறுபடி வாசித்துக் கேட்டு, நானும் வாசித்துப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

அடித்தல் ஒரு வரி. அடித்தது என் சொல்லின் பேரில். ஓரத்தில் என் கையொப்பம் உண்டு.

(ஒப்பம்)